நாடக வழக்கும் மன்ற வழக்கும்

வழக்கு என்னும் சொல் தமிழில் இரு பொருள் பயப்பது. உலகத்தார் ஒழுகும் நெறி ஒரு பொருள். நீதி வேண்டி மன்றம் ஏறும் முறையீடு மற்றொரு பொருள். தொல்காப்பியர் அகத்திணையியலில் நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டினைக் கூறி, புலனெறி வழக்கம் இவ்விரண்டினையும் சார்ந்து நிற்கும் என்றார். சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்தே நிகழ்ந்தனவாகத் தொகுத்துரைப்பது நாடக வழக்கு என்பது இளம்பூரணர் கொண்ட கருத்து. தொகுத்தல் என்னும் தொழிலில் விடுத்தல் என்னும் தொழிலும் அடங்கியுள்ளது. சுவை தாராதனவற்றை நீக்கிய பின்னரே சுவை தருவன ஒருங்கு திரளும். ஆதலின் ஒரு நாடக மரபினை ஆராய்வார், அது எவற்றைக் கொண்டது என்பதனோடு எவற்றை விடுத்தது என்பதனையும் காணக் கடவர்.

இக்கருவி கொண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அத்தொடர்களைக் கண்டு பழகியோர் பொருந்தா எதிர்பார்ப்புகளோடு நீதிமன்றத்தில் அமர்கின்றனர் என்றும், குற்றம் செய்வார் அவற்றினின்று தேர்ச்சி பெறுகின்றனர் என்றும் அந்நாட்டில் இருபது ஆண்டுகட்கு மேலாக வாதம் நிகழ்ந்து வருகின்றது. சட்ட அறிஞரும் உளவியலாரும் எண்ணிக்கை கொண்டு இதனை அளந்துள்ளனர். அந்நாடகங்களின் அமைப்பில் எக்கூறு இவ்விளைவுகட்கு இடந்தருகின்றது என்னும் வினாவோ திறனாய்வாளர்க்கு உரியது. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

மூவகை மரபு

தொலைக்காட்சிக் குற்றத் தொடரின் வரலாற்றில் மூன்று நிலைகள் புலனாகின்றன. முதல் நிலைக்கு ‘டிராக்நெட்’ எடுத்துக்காட்டு. 1949ஆம் ஆண்டில் வானொலியில் தோன்றி 1951இல் தொலைக்காட்சிக்கு வந்த அத்தொடர், லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல் துறையின் ஒத்துழைப்போடு உருவானது. அங்கு உண்மையைக் கொணர்பவர் காவலர். அவர்தம் கருவி பொறுமையான விசாரணை.

இரண்டாம் நிலைக்கு ‘பெரி மேசன்’ சான்றாகும். வழக்கறிஞராகத் தொழில் புரிந்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் எழுதிய புதினங்களைத் தழுவிய இத்தொடர் 1957 முதல் 1966 வரை 271 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. இங்கு உண்மையைக் கொணர்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர். கருவி குறுக்கு விசாரணை. உண்மைக் குற்றவாளி மன்றத்தின் நடுவிலேயே வாய் திறந்து தன் செயலை ஒப்புதல் இத்தொடரின் பெருவழக்கான முடிவு.

மூன்றாம் நிலை 2000ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘சி.எஸ்.ஐ.’ என்னும் தொடரோடு தொடங்கியது. லாஸ் வேகாஸ் நகரைக் களமாகக் கொண்ட அது 2015 வரை நிகழ்ந்தது. மயாமி, நியூயார்க் நகரங்களைக் களமாகக் கொண்ட கிளைத்தொடர்களும் அதனினின்று தோன்றின. இங்கு உண்மையைக் கொணர்பவர் ஆய்வுக்கூடத்து அறிவியலார். கருவி நுண்ணோக்கியும் மரபணுச் சோதனையும். மனிதர் பொய்யுரைப்பர், தடயம் பொய்யுரையாது என்பது இத்தொடரின் உயிர்க்கொள்கை.

தடுத்தாட்கொண்ட புராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்றினை எண்ணுவதைச் சேக்கிழார்வழி அறிவோம். இம்மூன்றும் மனிதர்தம் வாழ்க்கையையும் எழுத்தையும் சொல்லையும் பற்றியன. ‘டிராக்நெட்’ தொடரிலும் ‘பெரி மேசன்’ தொடரிலும் வழக்கின் தீர்வு மனிதர்தம் சொல்லின்மேல் நின்றது. ‘சி.எஸ்.ஐ.’ தொடரில் அயலார் காட்சி கீழிறங்க, பேசாப் பொருளின் காட்சி அரியணை ஏறியது. இம்மாற்றமே பின்வந்த வாதங்கட்கெல்லாம் தோற்றுவாய்.

இத்தொடரின் நாடக வழக்கு விடுத்தவற்றுள் வெளிப்படையானவை சில. விளம்பரம் நீங்கலாக முக்கால் மணி நேரத்திற்குள் கொலை நிகழ்ந்து, தடயம் திரட்டப்பட்டு, குற்றவாளி அகப்படல் வேண்டும். மரபணுச் சோதனைக்கு வாரங்களும் திங்களும் ஆவதும், ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்படாத பொருள்கள் குவிந்து கிடப்பதும் கதைக்கு ஆகா. குற்றம் நிகழ்ந்த இடத்தில் தடயம் எடுப்பவர், கூடத்தில் அதனைச் சோதிப்பவர், ஐயத்துக்கு உரியவரை வினவுபவர் என உலகியலில் வேறு வேறாக உள்ளோரை ஒருவராகவே நாடகம் காட்டும். இவற்றினும் நுண்ணியதொரு விடுகை உண்டு. அது பின்னர்க் கூறப்படும்.

எதிர்பார்ப்பும் தீர்ப்பும்

நம் நாட்டுக் குற்ற வழக்குகளில் ஜூரி முறை இன்று இல்லை. அமெரிக்காவிலோ அஃது அரசியலமைப்பு வழங்கிய உரிமை. பொதுமக்களுள் தேர்ந்தெடுக்கப்பட்டோர், பெரும்பாலும் பன்னிருவர், சான்றுகளைக் கேட்டுக் குற்றம் நிறுவப்பட்டதா என்று தீர்மானிக்கின்றனர். அவர்கள் சட்டம் பயின்றோரல்லர். மன்றத்தின் வாயிலை முதன்முறை மிதிப்பவர்க்கு அதனைப் பற்றிய முன்னறிவு நாடகத்தினின்றே வந்திருத்தல் கூடும்.

நாடகம் இவ்வகையில் நலமும் செய்துள்ளது என்பதனை முதற்கண் கூறுதல் முறை. கைதானவர் வாய் வாளாதிருக்கவும் வழக்கறிஞரை வேண்டவும் உரிமையுடையர் என்பதனை அவர்க்கு அறிவித்த பின்னரே காவலர் வினவல் வேண்டும் என்று 1966இல் மிராண்டா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதித்தது. அதன்பின் வந்த காவல் தொடர்கள் அவ்வறிவிப்பினை எண்ணிறந்த முறை ஒலித்தன. 2000ஆம் ஆண்டில் டிக்கர்சன் வழக்கில் அவ்விதியை நிலைநாட்டிய தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட், அவ்வறிவிப்பு நாட்டின் பண்பாட்டிலேயே ஒரு கூறாகிவிட்டது என்னும் கருத்துப்பட எழுதினார். சட்ட நூலைத் தொடாத மக்களிடத்து அது சென்று சேர்ந்ததில் நாடகத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

இனித் தீங்கு பற்றிய வாதத்தைக் காண்போம். ‘சி.எஸ்.ஐ.’ தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் ‘சி.எஸ்.ஐ. விளைவு’ என்னும் தொடர்மொழி செய்தித்தாள்களில் வழங்கலாயிற்று. அறிவியற் சான்று இன்றி வரும் வழக்குகளை ஜூரியினர் ஏற்க மறுக்கின்றனர் என்பதே அதன் பொருள். 2005இல் அரிசோனா மாநிலத்து மாரிக்கோப்பா வட்டார அரசு வழக்கறிஞர் அலுவலகம் தன் வழக்கறிஞர் 102 பேரை வினவியது. தடயச் சான்று இல்லாமையால் தாம் நடத்திய வழக்குகளுள் ஒன்றேனும் விடுதலையிலோ ஜூரியினர் ஒருமனப்படாமையிலோ முடிந்தது என்று தாம் நம்புவதாக 38 விழுக்காட்டினர் விடையிறுத்தனர்.

அவ்வாண்டிலேயே நடிகர் இராபர்ட் பிளேக் தம் மனைவியைக் கொன்றார் என்னும் வழக்கினின்று விடுவிக்கப்பட்டார். துப்பாக்கியை அவர் கையோடு பிணைக்கும் உறுதியான பருப்பொருட் சான்று அவ்வழக்கில் இல்லை. 1975 முதல் 1978 வரை ‘பரேட்டா’ என்னும் தொடரில் துப்பறியும் காவலராக நடித்துப் புகழ்பெற்றவர் அவரே. நாடகத்தில் குற்றவாளியைத் தேடியவர் மன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டு நின்றமை மக்கள் கருத்தைக் கவர்ந்தது, ‘சி.எஸ்.ஐ. விளைவு’ என்னும் பேச்சும் வலுப்பெற்றது.

ஆயினும் இச்சான்றுகள் திண்ணியன அல்ல. வழக்கில் தோற்றவர் தம் தோல்விக்குக் கூறும் காரணம் ஆய்வுக்கு உரிய கருத்தேயன்றி ஆய்வின் முடிபு ஆகாது. சான்று குறைந்த வழக்கில் விடுதலை வழங்குதல் நாடகத்தின் பயன் என்பதனினும் சட்டத்தின் பயன் எனல் பொருந்தும். தக்க ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் நிறுவப்படல் வேண்டும் என்பதே அந்நாட்டு நெறி.

மிச்சிகன் மாநிலத்து வாஷ்டெனா வட்டார நீதிபதி டொனால்டு ஷெல்டன் ஆய்வாளர் இருவரோடு கூடி 2006இல் நிகழ்த்திய ஆய்வு இவ்வாதத்தைத் தெளிவித்தது. ஜூரிப் பணிக்கு அழைக்கப்பட்ட 1,027 பேர் வழக்கு எதனையும் கேட்குமுன் வினவப்பட்டனர். குற்ற வழக்கு ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஓர் அறிவியற் சான்றினை எதிர்பார்ப்பதாக 46 விழுக்காட்டினர் கூறினர். 36 விழுக்காட்டினர் ஒவ்வொரு வழக்கிலும் விரல்ரேகைச் சான்றினையும், 22 விழுக்காட்டினர் மரபணுச் சான்றினையும் எதிர்பார்த்தனர். தொடரைக் காண்போரிடத்து எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. ஆனால் அவ்வெதிர்பார்ப்பு தீர்ப்பினைப் பெரிதும் மாற்றவில்லை. கண்ட சாட்சியின் சொல் உள்ளவிடத்துப் பெரும்பாலோர் அறிவியற் சான்று இன்றியும் குற்றத்தைத் தீர்மானிக்க ஒருப்பட்டனர். சூழ்நிலைச் சான்று மட்டும் உள்ள வழக்குகளிலும் பாலியல் வன்முறை வழக்குகளிலும் அறிவியற் சான்றினை வேண்டி நின்றனர். ஒரு தொடரின் விளைவு என்பதினும், தொழில்நுட்பம் பெருகிய காலத்தின் விளைவு எனல் தகும் என்று ஷெல்டன் கருதினார்.

அவ்வாண்டிலேயே உளவியலறிஞர் டாம் டைலர் வேறொரு கோணத்தைக் காட்டினார். நாடகம் அறிவியலுக்கு மிகையான மதிப்பினைத் தருமாயின், அறிவியற் சான்று உள்ள வழக்குகளில் ஜூரியினர் எளிதில் தண்டிக்கவும் கூடும் என்பது அவர் வாதம். எதிர்பார்ப்பு மிகுதல் ஒரு நோய். நம்பிக்கை மிகுதல் மற்றொரு நோய். முன்னதைப் பற்றியே பெரும்பேச்சு நிகழ்ந்தது. பின்னதே கொடிது என்பது இக்கட்டுரையின் துணிபு. அதனை நிறுவுமுன், குற்றம் செய்வார்க்கு நாடகம் ஆசிரியராகின்றதா என்பதனை ஆராய்தல் வேண்டும்.

நாடகம் குற்றம் கற்பிக்கின்றதா

1977இல் புளோரிடா மாநிலத்து மயாமியில் பதினைந்து அகவைச் சிறுவன் ஒருவன் அண்டை வீட்டு முதியவள் ஒருத்தியைக் கொன்றான் என்று வழக்குத் தொடரப்பட்டது. இடையறாது குற்றத் தொடர்களைக் கண்டமையால் அவன் தொலைக்காட்சி மயக்கத்திற்கு ஆட்பட்டான் என்றும், நன்று தீது பகுத்தறியும் ஆற்றலை இழந்தான் என்றும் அவனுடைய வழக்கறிஞர் வாதிட்டார். ‘கோஜாக்’ என்னும் காவல் தொடர் அவ்வாதத்தில் பெயர் சுட்டப்பட்டது. ஜூரியினர் அதனை ஏற்காது குற்றத்தைத் தீர்மானித்தனர். ஒளிபரப்பு நிறுவனங்கள்மீது அவன் சார்பில் தொடுத்த வழக்கினையும் 1979இல் நடுவண் நீதிமன்றம் தள்ளியது. தொலைக்காட்சியின்மீது குற்றம் சுமத்திய அவ்விசாரணையே தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டது. விசாரணைகளை ஒளிபரப்பும் முயற்சியைப் புளோரிடா மாநிலம் அப்பொழுதே தொடங்கியிருந்தது.

‘சி.எஸ்.ஐ.’ தொடருக்குப் பின் இக்குற்றச்சாட்டு வடிவம் மாறியது. தடயத்தை அழிக்கும் வகையினைத் தொடர் கற்பிக்கின்றது என்று காவல் துறையினர் சிலர் கூறலாயினர். செருமனியில் மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் பல வகையில் சோதித்தது. தொடர் தோன்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள குற்றக் கணக்குகளை அவர்கள் ஒப்பிட்டனர். தண்டனை பெற்றோரை வினவினர். தொடரைக் காண்போரும் காணாதோரும் ஒரு போலிக் குற்றத்தின் தடயத்தை எவ்வாறு நீக்குகின்றனர் என்பதனையும் பார்த்தனர். தொடரைக் காண்போர் தடயம் மறைப்பதில் தேர்ந்தவர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இம்முடிபு திறனாய்வாளர்க்கு வியப்புத் தாராது. ஆய்வுக்கூடத்தை வெல்லவியலாக் கூடமாகக் காட்டும் நாடகம், எதனை மறைத்தாலும் வேறொன்று எஞ்சும் என்பதனையே தன் ஒவ்வொரு பகுதியிலும் உரைக்கின்றது. அது கற்பிக்கும் பாடம் தப்பித்தல் அன்று, தப்பவியலாமை. ஆதலின் நாடகத்தின் வலிய விளைவினைக் குற்றம் செய்வாரிடத்துத் தேடுதல் வீண். தப்பவியலாமை என்னும் பாடத்தை நம்பித் தீர்ப்புக் கூறுவாரிடத்தே அதனைத் தேடல் வேண்டும்.

விடுபட்ட பிழை

முன்னர்க் குறித்த நுண்ணிய விடுகை யாதெனின், சான்றின் பிழையே அது. ‘சி.எஸ்.ஐ.’ தொடரில் மனிதர் பிழை செய்வர். வல்லுநரும் ஒரோவழி மயங்குவர். ஆயினும் முறையாகச் செய்த சோதனை இறுதியில் உண்மையையே காட்டும். திரையில் கணிப்பொறி ஒரு விரல்ரேகையை ஏற்று, கணநேரத்தில் ஒரு முகத்தைக் காட்டும். ‘அறிய இயலவில்லை’ என்னும் விடைக்கு அந்நாடகத்தில் இடம் அரிது.

உலகியல் வழக்கு வேறு. 2004இல் மாட்ரிட் நகரத் தொடர்வண்டிக் குண்டுவெடிப்பின் பின் கிடைத்த ஒரு விரல்ரேகையை அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையாகிய எப்.பி.ஐ. ஆராய்ந்தது. கணிப்பொறி காட்டியது ஒருவரை அன்று, ஒத்திருக்கக்கூடிய இருபதின்மரை. அவருள் ஒருவராகிய ஆரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையதே அது என்று வல்லுநர் ஒருவர்பின் ஒருவராக உறுதி கூறினர். அவர் ஏறத்தாழ இரு வாரம் காவலில் இருந்தார். அந்த ரேகை வேறொருவர்க்கு உரியது என்று ஸ்பெயின் நாட்டுக் காவல் துறையினர் கண்டபின் விடுவிக்கப்பட்டார். 2006இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, 20 இலட்சம் டாலர் வழங்கியது.

2009இல் அந்நாட்டுத் தேசிய அறிவியற் கழகத்தின் சார்பில் வெளிவந்த அறிக்கை, தடய அறிவியலின் அடிப்படையையே வினவியது. மரபணுச் சோதனை ஒன்று நீங்கலாக, தடயத்தைக் குறிப்பிட்ட ஒருவரோடு உறுதியாகப் பிணைக்கும் ஆற்றல் வேறெம்முறைக்கும் திட்பமாக நிறுவப்படவில்லை என்பது அதன் முடிபுகளுள் தலையாயது. கடிதடமும் மயிரும் நாடகத்தில் பெற்ற உறுதியை ஆய்வில் பெறவில்லை.

2015இல் எப்.பி.ஐ. தன் பழைய வழக்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு இன்னும் துயர் தருவது. நுண்ணோக்கி கொண்டு மயிரை ஒப்பிட்டு அதன் வல்லுநர் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு எதிராகச் சான்றுரைத்த 268 விசாரணைகளுள் 257இல் பிழையான கூற்று இருந்தது. ஆராயப்பட்டவற்றுள் தூக்குக்கோ பிற வகைச் சாவுக்கோ தீர்ப்புப் பெற்றோர் வழக்குகள் 35. அவற்றுள் 33இல் பிழை காணப்பட்டது. அவருள் ஒன்பதின்மர் அதற்கு முன்னரே கொல்லப்பட்டனர். ஐவர் சிறையிலேயே பிற காரணங்களால் இறந்தனர். அவரெல்லாம் குற்றமற்றவர் என்று இதனால் துணிதல் கூடாது. பிற சான்றுகளும் இருந்திருக்கலாம். அறிவியல் தாங்கும் அளவிற்கு மேற்பட்ட உறுதியை அறிவியலின் பெயரால் ஜூரியினர் கேட்டனர் என்பது மட்டும் தெளிவு. இவ்வழக்குகளுட் பெரும்பாலானவை ‘சி.எஸ்.ஐ.’ தோன்றுதற்கு முற்பட்டவை. ஆகவே நாடகம் இப்பிழையைப் பிறப்பித்தது எனல் பொருந்தாது. முன்னரே மன்றத்தில் இருந்த ஒரு மயக்கத்தை எடுத்து, அழகு செய்து, வீடுதோறும் கொண்டு சேர்த்தது எனல் பொருந்தும்.

நாடகம் பிழையைக் காட்டவியலாது, முடிவு தெளிவாக இருத்தல் கலையின் தேவை என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். அத்தடைக்குச் சிலப்பதிகாரம் விடையாகும். பாண்டியன் அவையில் பொற்கொல்லன் சொல் ஆராயப்படாது ஏற்கப்பட்டது. சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்னும் வினா கோவலன் கொலையுண்ட பின்னரே எழுந்தது. பொருட்சான்று ஐயமற உண்மை உரைத்தது. ஆனால் காலந்தாழ்ந்து உரைத்தது. மன்றத்தின் பிழையை இளங்கோவடிகள் கதையின் உயிராக்கினார்; அப்பிழையை உணர்ந்த வேந்தன் உயிர் நீங்கியதனை அவலத்தின் முடியாக்கினார். ஆதலின் பிழை சுவைக்குப் பகையன்று. அதனை விடுத்தது நாடகக் கலையின் தேவையால் அன்று. வாரந்தோறும் ஐயம் தீர்ந்து உறங்கச் செல்ல விரும்பும் காண்போரை நோக்கிய ஒரு வகை நாடகத்தின் விருப்பத்தால் என்க.

மருந்தின் ஒருதலைச் சார்பு

இவ்விளைவினைத் தடுக்க மன்றங்கள் மேற்கொண்ட முறையும் நோக்கத் தக்கது. ஜூரியினரைத் தேரும்பொழுதே குற்றத் தொடர் காணும் வழக்கம் பற்றி வழக்கறிஞர் வினவுகின்றனர். விரல்ரேகை ஏன் கிடைக்கவில்லை என்று விளக்குதற்கென்றே அரசுத் தரப்பினர் வல்லுநரைச் சாட்சியாக அழைப்பதும் உண்டு. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு நீதிபதி, இத்தொடர்கள் கற்பனை என்று கூறி, அறிவியற் சான்று இன்றித் தண்டிக்க இயலாது என்று கருதுவோர் எழுந்து நிற்குமாறு ஜூரிக்கு வந்தோரைக் கேட்டார். அவ்வினா தண்டித்தலையே முடிந்த முடிவுபோலக் காட்டுகின்றது என்று 2010இல் அம்மாநில மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பினை நீக்கியது.

அவ்வினாவின் சொல்லமைப்பில் ஒரு குறை உள்ளது. அறிவியற் சான்று இல்லாவிடில் தண்டிக்க மாட்டீரோ என்று அது கேட்டது. அறிவியல் என்னும் பெயர் கேட்ட அளவில் ஆராயாது நம்பிவிடுவீரோ என்று அது கேட்கவில்லை. எதிர்பார்ப்பு மிகுதியால் வரும் விடுதலையை அஞ்சிய மன்றம், நம்பிக்கை மிகுதியால் வரும் தண்டனையை அஞ்சவில்லை. இரு நோயுள் ஒன்றற்கே மருந்து தேடியமை, எவர்க்கு இழப்பு என்னும் கணக்கினையும் புலப்படுத்துகின்றது. முன்னதில் இழப்பு வழக்கினை நடத்திய அரசுக்கு. பின்னதில் இழப்பு குற்றஞ்சாட்டப்பட்டு நிற்பவர்க்கு.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. குற்றத் தொடர்கள் குற்றத்தைக் கற்பிக்கின்றன என்பதற்குத் தக்க சான்று இல்லை. அவை மன்றத்தின்மீது எதிர்பார்ப்பினை வளர்ப்பது உண்மை. ஆயினும் அது தீர்ப்பினைத் திரித்தல் அஞ்சிய அளவினதன்று. அவற்றின் பெருந்தீங்கு, சான்றின் பிழையினை நாடக வழக்கினின்று அறவே நீக்கி, பிழையாமையை அறிவியலின் இயல்பாகக் காட்டியதில் உள்ளது.

நாடகத்தைத் தடை செய்தல் இதற்கு வழியன்று. தொகுத்ததும் விடுத்ததும் எவை என்று பிரித்தறியக் காண்போர்க்குக் கற்பித்தலே வழி. நாடக வழக்கினையும் உலகியல் வழக்கினையும் வேறுபடுத்திக் காணும் பயிற்சி தமிழ் மாணவர்க்குத் தொல்காப்பியம் தொட்டு வருவது. அகப்பாடலின் தலைவனை வரலாற்று மாந்தனாகக் கொள்ளலாகாது என்று அறிந்த அதே அறிவு, திரையில் ஒளிரும் விரல்ரேகையை உறுதியாகக் கொள்ளலாகாது என்பதனையும் அறியும். ஒருவர்தம் உயிரும் உரிமையும் தீர்ப்பின்மேல் நிற்கும் இடத்தில் அவ்வறிவு இலக்கியப் பயிற்சி என்னும் அளவில் நில்லாது; அறங்கூறுவார்க்கு இன்றியமையாத கடமையும் ஆகும்.